கலப்பினக் கதைகளில் நாயகி ஏன் சாகிறாள்?

கறுப்பர், வெள்ளையர் ஆகிய இரு வழியிலும் பிறந்தவர்களைப் பற்றிய அமெரிக்கப் புனைகதைகளில் நாயகி ஏன் பெரும்பாலும் கடைசியில் இறந்துபோகிறாள், ‘நான் யார்’ என்ற மனக்குழப்பம்தான் அவளைக் கொல்கிறதா, இவற்றை முதன்முதலாகப் படிக்க விரும்புகிறவர் எதிலிருந்து தொடங்கலாம் என்பது கேள்வி. இரண்டு இனங்களுக்கு நடுவில் நின்று எதிலும் சேர முடியாமல் அவள் மனம் உடைந்துபோகிறாள் என்பது வழக்கமாகத் தரப்படும் விடை. நாவல்களின் பின்னட்டைகளிலும் பெரும்பாலும் இதையே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனக்குழப்பம்தான் காரணம் என்றால், அதே இரத்தமும், வெள்ளையர் என்று காட்டிக்கொள்ளும் அதே பொய்யும் உள்ள ஆண்களும் சாக வேண்டும். அவர்களோ பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போனால்தான் இந்தக் கதைகள் எதைப் பற்றியவை என்பது விளங்கும்.

சார்லஸ் செஸ்நட் 1900இல் வெளியிட்ட ‘தி ஹவுஸ் பிஹைண்ட் தி சீடர்ஸ்’ நாவலில் அண்ணன் தங்கை இருவர். ஜானும் ரீனாவும் ஒரே தாய் வயிற்றில், ஒரே வெள்ளைத் தந்தைக்குப் பிறந்தவர்கள். இருவருமே பார்ப்பவர் கண்ணுக்கு வெள்ளையர். அண்ணன் வட கரோலினாவை விட்டுத் தெற்குக் கரோலினாவுக்குப் போய், குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு, வழக்கறிஞராகி, வெள்ளைப் பெண்ணை மணந்து, அவள் இறந்தபின் கைக்குழந்தையோடு மதிப்பாக வாழ்கிறான். தங்கையைத் தன்னிடம் அழைத்துக்கொள்கிறான்; அவளும் அந்த வாழ்க்கைக்குள் நுழைகிறாள். நல்ல குடும்பத்து வெள்ளை இளைஞன் ஒருவன் அவளை மணக்க விரும்புகிறான். அண்ணனுக்கு வராத தயக்கம் அவளுக்கு வருகிறது. நான் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்திருந்தாலும் என்னை விரும்பியிருப்பீர்களா என்று அவனைச் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்க்கிறாள். பிறகு உண்மை வெளிப்படுகிறது, அவன் விலகுகிறான், அவள் கறுப்பர் பள்ளியொன்றில் ஆசிரியையாகிறாள், சதுப்புக் காட்டில் புயலில் சிக்கி நோயுற்று இறக்கிறாள். அண்ணனுக்கு ஒன்றும் நேர்வதில்லை. இத்தனைக்கும் செஸ்நட்டே வெள்ளையராகத் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடிய தோற்றமுள்ளவர், காட்டிக்கொள்ள மறுத்தவர். ஆகவே அண்ணனை அவர் தண்டிக்காமல் விட்டதை மெத்தனம் என்று சொல்ல முடியாது.

காரணத்தைத் தேடுபவர் நாவல்களுக்கு முன்னால் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். ஆங்கிலேய வழக்கப்படி பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. வர்ஜீனியா குடியேற்றம் 1662இல் அதைத் தலைகீழாக்கி, பிள்ளை அடிமையா சுதந்திரமானவரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் இயற்றியது. இதன் விளைவு எளிமையானது, கொடுமையானது: எஜமானன் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவனுக்கு மகனாகாமல் சொத்தாயிற்று. 1691இல் இன்னொரு சட்டம், கறுப்பருக்குப் பிள்ளை பெற்ற வெள்ளைப் பெண்ணுக்கு 15 பவுண்டு அபராதம் விதித்தது. கட்ட முடியாவிட்டால் அவள் 5 ஆண்டு பணிசெய்ய வேண்டும், பிள்ளையோ 30 வயது வரை பிறருக்குக் கட்டுப்பட்டு உழைக்க வேண்டும். அதாவது இன எல்லை என்று பேசப்பட்டதைக் காவல் காக்கும் பொறுப்பு முழுவதும் பெண்ணின் கருப்பையில் சுமத்தப்பட்டது. ஆண் எல்லையைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகலாம். பெண் தாண்டினால் பத்து மாதம் கழித்துச் சாட்சி பிறந்துவிடும்.

அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் எழுதி வெளியான முதல் நாவலாகக் கருதப்படும் ‘க்ளோட்டெல்’ இந்தச் சட்டத்தின்மீதே கட்டப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய வில்லியம் வெல்ஸ் பிரவுன் அதை 1853இல் லண்டனில் வெளியிட்டார். குடியரசுத் தலைவராயிருந்த தாமஸ் ஜெபர்சனுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த மகளாக நாயகியை அமைத்து, துரத்துபவர்களிடம் பிடிபடாமலிருக்க அவள் தலைநகரில் பொட்டோமாக் ஆற்றுப் பாலத்திலிருந்து குதித்துச் சாவதாக எழுதினார். ஜெபர்சனைப் பற்றிய அந்தப் பேச்சு அப்போதே ஊரறிந்தது. இங்கே ஒரு விற்பனைக் கணக்கும் உண்டு. அடிமைமுறை ஒழிப்புக் கதைகளை வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். தங்களைப் போலவே தோற்றமளிக்கும் பெண் ஏலத்தில் நிற்கும்போதுதான் அவர்கள் கண் கலங்கியது. கறுப்பு நாயகி செத்தால் அழாதவர்களுக்காக வெள்ளை நாயகி சாக வேண்டியிருந்தது. விமரிசகர் ஸ்டெர்லிங் பிரவுன் 1930களில் இந்த வார்ப்பைக் கடுமையாகச் சாடினார். வெள்ளை எழுத்தாளர்கள் கலப்பினத்தவரின் துயரத்துக்கு அவரது ‘வெள்ளை இரத்தத்தை’க் காரணமாக்கிவிட்டு, நாட்டின் சட்டத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அது சரியான வாதம்.

ஆனால் அந்த வார்ப்பையே திருப்பிப் போட்டுத் தாக்கிய கதையும் உண்டு. கேட் ஷோபன் 1893இல் ‘வோக்’ இதழில் வெளியிட்ட ‘டிசிரேஸ் பேபி’ சில பக்கங்களே கொண்டது. லூயிசியானாவில் பெற்றோர் யாரென்று தெரியாமல் வளர்ந்த டிசிரே, அர்மான் என்ற தோட்ட முதலாளியை மணந்து ஆண் குழந்தை பெறுகிறாள். ஒருநாள் பிற்பகல், மயில்தோகை விசிறியால் குழந்தைக்கு வீசிக்கொண்டிருக்கும் கலப்பின அடிமைச் சிறுவனையும் தன் குழந்தையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கதையில் யாரும் வாய் திறந்து எதையும் சொல்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. கணவனிடம் கேட்கிறாள், குழந்தை வெள்ளையில்லை, ஆகவே நீயும் வெள்ளையில்லை என்கிறான். என் கை உன் கையைவிட வெளுப்பு என்று அவள் சொல்வது காதில் ஏறுவதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீர்நிலைப் பக்கம் நடந்தவள் திரும்புவதில்லை. கடைசிப் பத்தியில் அர்மான் ஒரு பழைய கடிதத்தைப் பார்க்கிறான்: கறுப்பினத்தைச் சேர்ந்தவள் அவனைப் பெற்ற தாய். கலப்பு இரத்தம் உள்ளவன் உயிரோடு இருக்க, அதைச் சுமந்து பெற்றவள் செத்துப்போனாள். மனக்குழப்பம் கொன்றது என்பவர்களுக்கு இந்தச் சிறுகதை ஒன்றே போதிய மறுப்பு.

முந்தைய ஆண்டில், 1892இல், பிரான்செஸ் ஹார்ப்பர் எழுதிய ‘அயோலா லெராய்’ நாயகி சாவதே இல்லை. அவளை மணக்க விரும்பும், அமெரிக்காவின் வட பகுதியைச் சேர்ந்த வெள்ளை மருத்துவரிடம், நமக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஒன்றுக்கு நிறம் சந்தேகமில்லாமல் தெரிந்தால் உங்களுக்குச் சம்மதமா என்று நேருக்கு நேர் கேட்கிறாள். அவர் கண்கள் தாழ்ந்துவிடுகின்றன. அதுதான் பதில். அவள் தன்னைக் கறுப்பினத்தவளாகவே அறிவித்துக்கொண்டு, தன்னைப் போன்ற மருத்துவர் ஒருவரை மணந்து, இனத்தாருக்குத் தொண்டு செய்து வாழ்கிறாள். கலை என்ற அளவில் பிரசங்க நெடி வீசும் நாவல்தான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் ஹார்ப்பர் விஷயத்தின் ஆணிவேரைத் தொட்டுவிட்டார்.

இந்த வரிசையின் உச்சம் நெல்லா லார்சனின் ‘பாஸிங்’, 1929. வெள்ளையராகத் தன்னைக் காட்டிக்கொண்டு வாழ்வதைத்தான் அங்கே ‘பாஸிங்’ என்பார்கள். நாவலின் தொடக்கத்தில் சிகாகோவின் கொளுத்தும் வெயிலில் மயக்கம் வரும் நிலையிலிருக்கும் ஐரினை ஒரு டாக்ஸி ஓட்டுநர் டிரேட்டன் ஓட்டலில் கொண்டு இறக்கிவிடுகிறார். மொட்டைமாடி உணவகத்தில் குளிர்ந்த தேநீர் அருந்தும்போது எதிர் மேசையில் இருக்கும் பெண் வைத்த கண் வாங்காமல் தன்னையே பார்ப்பதை உணர்கிறாள். நான் கறுப்புப் பெண் என்று கண்டுபிடித்துவிட்டாளோ என்று உள்ளுக்குள் நடுங்குகிறாள். உடனே தன்னைத் தேற்றிக்கொள்கிறாள்: நகம், உள்ளங்கை, காதின் அமைப்பு, பல் என்று எதையாவது சொல்லி, கண்டுபிடித்துவிடுவோம் என்று வெள்ளையர் பீற்றிக்கொள்வார்கள், தனியாகப் போகும்போது என்னை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை, இத்தாலியள், ஸ்பானியள், மெக்சிகோக்காரி, ஜிப்சி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். எதிரே இருப்பவளோ அவளுடைய பால்ய சிநேகிதி கிளேர். அவளும் கறுப்பினத்தவளே, வெள்ளைப் பணக்காரனை மணந்து வாழ்பவள். வெள்ளையருக்கு மட்டுமான அந்த மாடியில் இரண்டு கறுப்புப் பெண்கள் ஒருவரை ஒருவர் வெள்ளைக்காரி என்று எண்ணிப் பயந்திருக்கக்கூடிய நிலை. லார்சன் இதை நகைச்சுவையாக ஊதிப் பெருக்காமல் விட்டிருப்பதில்தான் அவர் கைவரிசை தெரிகிறது.

சில பக்கங்கள் கழித்து கிளேர் தங்கியிருக்கும் இடத்தில் மூன்று சிநேகிதிகள் தேநீர் அருந்துகிறார்கள். மகள் மார்ஜெரி வயிற்றில் இருந்த மாதமெல்லாம், குழந்தை கறுப்பாகப் பிறந்துவிடுமோ என்ற திகிலில் செத்துப் பிழைத்தேன், இனி ஒரு பிள்ளை வேண்டவே வேண்டாம் என்கிறாள் கிளேர். மற்றொருத்தியும் அதற்கு ஒத்துப் பாடுகிறாள். கறுப்பான குழந்தையை யார்தான் விரும்புவார்கள் என்கிறாள். என் பையன்களில் ஒருவன் கறுப்பு என்று ஐரின் மெல்லச் சொன்னதும் அறையில் பேச்சு தடைபடுகிறது. பிறகுதான் கிளேரின் கணவன் உள்ளே வருகிறான். தன் மனைவி யாரென்று அறியாதவன், வரவர நிறம் மங்கி வருகிறாயே என்று கேலியாக, கறுப்பரை இழிக்கும் சொல்லின் சுருக்கத்தையே அவளுக்குச் செல்லப் பெயராக வைத்து அழைப்பவன். அந்தச் செல்லப் பெயர்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. விமரிசனங்களிலும் அதுவே பேசப்படுகிறது. ஆனால் என் பார்வையில் நாவலின் மையம் அவன் வருவதற்கு முந்தைய அந்தப் பிள்ளைப்பேற்றுப் பேச்சு. கிளேர் அஞ்சியது கணவனுடைய நாக்கையன்று, தன் வயிற்றைத்தான்.

கதை முழுவதும் நாம் பார்ப்பது ஐரினின் கண்கள் வழியாக. அவள் நியூயார்க்கில் கறுப்பர் வாழும் பகுதியான ஹார்லெமில் மருத்துவரின் மனைவி, இரண்டு பிள்ளைகளின் தாய், சங்க வேலைகளில் முன்னிற்பவள், நிலையான வாழ்க்கை ஒன்றைத் தவிர வேறெதையும் விரும்பாதவள். கிளேர் தன் கணவனையும் கவர்ந்துவிட்டாள் என்ற சந்தேகம் அவளைத் தின்கிறது. கிளேரின் கணவனுக்கு உண்மை தெரிந்தால் விவாகரத்து செய்ய முடியுமா என்று யோசிக்கும்போது அவள் நினைவுக்கு ‘ரைன்லேண்டர் வழக்கு’ வருகிறது. அது உண்மையில் நடந்த வழக்கு. நியூயார்க்கின் பெரும் பணக்காரக் குடும்பத்து லெனார்ட் ரைன்லேண்டர் 1924இல் ஆலிஸ் ஜோன்ஸ் என்ற பணிப்பெண்ணை மணந்தார். தந்தையின் நெருக்குதலில், அவள் தன் இனத்தை மறைத்து ஏமாற்றிவிட்டாள் என்று திருமணத்தை ரத்து செய்யக் கோரி வழக்குத் தொடுத்தார். கணவனுக்கு அவள் நிறம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதை நிறுவ, ஆலிஸை ஆடை விலக்கி, வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த நடுவர் குழுவுக்கு உடலைக் காட்டச் செய்தார்கள். 1925இல் தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. வழக்கில் வென்றவள் அடைந்த மானக்கேடு அது. 1929இல் ‘பாஸிங்’ படித்தவர்களுக்கு அந்த ஒரு பெயரே போதும். லார்சன் விளக்கம் எழுதவில்லை.

முடிவில், ஹார்லெமில் ஒரு விருந்தில், கிளேரின் கணவன் உண்மை தெரிந்து உள்ளே பாய்கிறான். ஐரின் ஓடிப்போய் கிளேரின் கையைப் பற்றுகிறாள். அடுத்த கணம் ஆறாவது மாடிச் சன்னலருகே கிளேர் இல்லை. ஐரின் தள்ளினாளா, கிளேர் தவறி விழுந்தாளா, தானே குதித்தாளா என்று லார்சன் சொல்லவில்லை. கிளேர் எங்குமே குழம்பியவளாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கறுப்பர்களோடு இருக்க ஆசைப்பட்டாள், பணமும் வேண்டும் என்றாள், இரண்டையும் வெட்கமில்லாமல் கேட்டாள். குழம்பித் தவிப்பவள், தன் இனத்தை மறைத்து வாழாத ஐரின்தான்.

லார்சன் டென்மார்க்கிலிருந்து குடியேறிய வெள்ளைத் தாய்க்கும், டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த தந்தைக்கும் 1891இல் சிகாகோவில் பிறந்தவர். தாய் மறுபடி வெள்ளையரை மணந்ததால் வீட்டில் அவர் ஒருவர் மட்டும் நிறம் வேறுபட்டவரானார். இதற்கு நெருக்கமானது அவருடைய முதல் நாவல் ‘குவிக்சாண்ட்’, 1928. நாயகி ஹெல்கா தெற்கிலுள்ள கறுப்பர் கல்லூரி, சிகாகோ, ஹார்லெம், கோபன்ஹேகன் என்று அலைந்து, கடைசியில் அலபாமாவில் ஒரு போதகரை மணக்கிறாள். அவள் சாவதில்லை. நான்காவது பிள்ளைப்பேற்றில் சாவின் வாசல்வரை போய், தேறி, தப்பிப்போகும் எண்ணத்தோடு எழுந்து நிற்கும் வேளையில் ஐந்தாவது பிள்ளைக்குக் கருவுறுகிறாள் என்ற செய்தியோடு நாவல் முடிகிறது. பலர் இந்த முடிவைத் திடீரென்று ஒட்டவைத்தது என்கிறார்கள். நான் மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் வேறு முடிவு இருந்திருக்க முடியாது.

ஆண்களின் கதை வேறு வகை. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1912இல் பெயர் போடாமல் வெளியிட்ட ‘தி ஆட்டோபயாகிராஃபி ஆஃப் அன் எக்ஸ்-கலர்ட் மேன்’ தன்வரலாறு போலவே எழுதப்பட்டதால், நடந்த கதை என்றே பலர் நம்பினார்கள். அதில் வெள்ளைத் தந்தை, மகனைப் பிரியும்போது ஒரு பத்து டாலர் தங்கக் காசில் துளையிட்டுக் கழுத்தில் கட்டிவிடுகிறார். துளையிட்ட காசு கடையில் செல்லாது. பரிசாகத் தந்ததையே பயனற்றதாக்கித் தந்திருக்கிறார். பள்ளியில் ஒருநாள் தலைமையாசிரியர் வெள்ளை மாணவர்கள் எழுந்து நிற்கட்டும் என்கிறார், அவனும் எழுகிறான், நீ இப்போது உட்கார், பிறகு மற்றவர்களோடு எழுந்திரு என்கிறார் ஆசிரியை. வீட்டுக்கு ஓடிப்போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான். வளர்ந்தபின், ஒரு கறுப்பரை உயிரோடு எரிப்பதைப் பார்த்த அவமானத்தில் வெள்ளையராகிவிட முடிவு செய்கிறான். வெள்ளைப் பெண்ணை மணக்கிறான், சொத்து சேர்க்கிறான், பிள்ளைகளோடு வாழ்கிறான். மனைவிதான் இரண்டாம் பிரசவத்தோடு இறந்துபோகிறாள். வாழ்க்கையிலும் ஆணுக்குச் சில சமயம் ஒரு தலைப்பாகையே போதுமாயிருந்தது: மிசூரியில் பிறந்த கறுப்பரான ஜான் ரோலண்ட் ரெட், கோர்லா பண்டிட் என்று பெயர் வைத்துக்கொண்டு, டில்லியில் பிறந்த இந்தியராகத் தொலைக்காட்சியில் ஆர்கன் வாசித்துப் புகழ்பெற்றார், 1998இல் இறக்கும்வரை அந்த வேடம் பொதுவெளியில் கலையவில்லை.

‘லைட் இன் ஆகஸ்ட்’ நாவலின் ஜோ கிறிஸ்துமஸ் ஆண்தானே, அவன் கொல்லப்படவில்லையா என்று கேட்கலாம். ஃபாக்னர் 1932இல் எழுதிய அந்த நாவலில், தன் உடம்பில் கறுப்பு இரத்தம் உண்டா இல்லையா என்பதே அவனுக்குக் கடைசிவரை உறுதியாகத் தெரியாது. வெள்ளைப் பெண் ஒருத்தியின் கொலைக்காகத் தேடப்படும் அவனை, அந்த ஐயமும் சேர்ந்துகொள்ள, வெறியோடு வேட்டையாடுகிறார்கள். உண்மையிலேயே ‘நான் யார்’ என்ற கேள்வியால் சாகிறவன் இவன் ஒருவன்தான் என்பேன். ஆனால் அவனைப் பெற்றவள் கதையையும் பார்க்க வேண்டும். பிரசவ வேதனையில் கிடந்த அவளுக்கு மருத்துவரை அழைக்க விடாமல், துப்பாக்கியோடு வாசலில் நின்று அவளைச் சாகவிட்டது அவள் தந்தை. வழக்கமாகச் சாகிறவள் இங்கேயும் முதலிலேயே செத்துவிட்டாள்.

பிலிப் ராத்தின் ‘தி ஹியூமன் ஸ்டெய்ன்’ 2000இல் வந்தது. கறுப்புக் குடும்பத்தில் பிறந்து யூதப் பேராசிரியராக வாழும் கோல்மன் சில்க், ஐரிஸ் என்ற யூதப் பெண்ணை மணந்ததற்கு அவளுடைய அடர்ந்து சுருண்ட தலைமுடியும் ஒரு காரணம். பிறக்கும் பிள்ளைகளின் முடி காட்டிக்கொடுத்தால், தாயிடமிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டும் ஆண், சாட்சி சொல்லும் பொறுப்பை எப்படி மனைவியின் உடம்புக்கு மாற்றிவிடுகிறான் என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய இடம் வேறில்லை. அவனுடைய தாயோ, வேறு பெயரில் கூலிக்கு வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் தயார் என்று சொல்லிப் பார்க்கிறாள். அவன் தாயைத் தலைமுழுகிவிட்டுப் போகிறான்.

சட்டம் மாறியது தாமதமாகத்தான். வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டுச் சட்டம் துளி வேற்றிரத்தம் இருந்தாலும் வெள்ளையரில்லை என்றது. செவ்விந்திய இளவரசி போகஹான்டஸின் வழித்தோன்றல்கள் என்று பெருமை பேசிய மேட்டுக்குடிக் குடும்பங்களுக்காக மட்டும் பதினாறில் ஒரு பங்கு விலக்கு அளித்தது. வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும், கறுப்பினத்தவரான அவர் மனைவி மில்ட்ரெடும் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967 ஜூன் 12 அன்று கலப்பு மணத் தடையை ஒருமனதாக ரத்து செய்தது. அப்போதும் 16 மாநிலங்களில் அத்தடை இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க முடிந்தது 2000இல்தான். மணத் தடை நீங்கிய பின் வந்த தலைமுறைகளின் கதைகளில் நாயகிகள் சாவது குறைந்தது. டான்ஸி சென்னாவின் ‘காக்கேஷியா’ 1998. அதில் வெள்ளைத் தாயோடு தலைமறைவாகத் திரியும் சிறுமி பேர்டி, யூதப் பெண்ணாக நடித்து வாழ்ந்துவிட்டு, தன் கறுப்பு அக்காவைத் தேடிப் போகிறாள். பிரிட் பென்னட்டின் ‘தி வானிஷிங் ஹாஃப்’ 2020; இரட்டையரில் ஒருத்தி வெள்ளையராகிவிடுகிறாள், அவள் பொய் அம்பலமாவதற்கு அடுத்த தலைமுறையின் இரண்டு மகள்கள் காரணமாகிறார்கள், யாரும் மாடியிலிருந்து விழுவதில்லை. பென்னட்டின் நாவல் விறுவிறுப்பானது, ஆனால் தற்செயல் சந்திப்புகளை அளவுக்கு மீறி நம்பியிருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்றால், தயங்காமல் ‘பாஸிங்’. ஒரே நாளில் படித்துவிடலாம். அமெரிக்காவில் 2025 முதல் பதிப்புரிமை நீங்கிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். ரெபெக்கா ஹால் 2021இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த திரைப்படத்தைப் புத்தகத்துக்குப் பிறகு பார்ப்பது நல்லது. அவருடைய தாய்வழித் தாத்தாவே வெள்ளையராகத் தன்னைக் காட்டிக்கொண்டு வாழ்ந்தவர். அடுத்து ஷோபனின் சிறுகதை, பிறகு ஜான்சன், பிறகு ‘குவிக்சாண்ட்’. ‘க்ளோட்டெல்’ வரலாற்று ஆர்வம் உள்ளவருக்கு மட்டும். ராத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்; முன்னவர்களைப் படித்திருந்தால் ஐரிஸின் தலைமுடி எதற்காகக் கதைக்குள் வருகிறது என்பது விளக்கம் இல்லாமலே பிடிபட்டுவிடும்.